எண்ணியவரை விட்டுவிட்ட கணக்கு
வாசகர் கேள்வி – பதில்

சாஸ்திரம் படித்துத் தன்னை அறிய முடியுமா என்பதைச் சுற்றியே இம்முறை கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: வேதம், உபநிடதம், கீதை, பிரம்ம சூத்திரம், பிரகரண நூல்கள் (அறிமுக நூல்கள்) என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஆன்மாவை அறிவதுதான் என் நோக்கம். எதை முதலில் கையில் எடுப்பது?

நூல்களின் பெருமையைச் சொல்லும் வரிசை வேறு, படிக்கும் வரிசை வேறு. இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் முதல் மாதத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். முக்திக உபநிடதம், மோட்சத்தை விரும்புகிறவனுக்கு மாண்டூக்கியம் ஒன்றே போதும் என்கிறது. அதில் இருப்பது 12 மந்திரங்கள்தான். சின்னது, எளிது என்று நினைத்து நேராக அங்கே போய் விழுகிறவர்கள் உண்டு. அடுத்து வரும் வாக்கியத்தை அவர்கள் பார்ப்பதில்லை. அதில் ஞானம் சித்திக்கவில்லையா, பத்து உபநிடதங்களைப் படி, அதிலும் உறுதி வரவில்லையா, 32, பிறகு 108. முழுப் பக்குவம் உள்ளவனுக்குத்தான் 12 மந்திரம் போதும். நமக்கு நூல் சுருங்கச் சுருங்க உரை பெருகும். மாண்டூக்கியத்துக்குக் கௌடபாதர் எழுதிய செய்யுள் விளக்கமான காரிகை மட்டும் 215 சுலோகம்.

நாங்கள் சொல்லும் வரிசை இது. முதலில் தத்துவபோதம். சிறிய உரைநடை நூல். மூன்று உடல், ஐந்து கோசம் (உறை), மூன்று அவஸ்தை (விழிப்பு, கனவு, உறக்கம் என்ற நிலைகள்), சாதன சதுஷ்டயம் (படிப்பவருக்கு வேண்டிய நான்கு தகுதிகள்) ஆகிய சொற்களுக்கு விளக்கம் அதில் இருக்கிறது. இந்தச் சொற்கள் கைவசம் இல்லாமல் எந்த உரையைத் திறந்தாலும் கல்லில் நார் உரிக்கும் வேலைதான்.

அடுத்தது கீதை. முதல் அத்தியாயத்தை ஒருமுறை வேகமாகப் படித்துவிடுங்கள். சங்கரரின் உரை இரண்டாம் அத்தியாயம் 11-ஆம் சுலோகத்திலிருந்துதான் விரிகிறது. காரணம் எளிது: 2.7-இல் ‘நான் உன் சீடன்’ என்று அர்ஜுனன் சொன்ன பிறகுதான் கண்ணன் உபதேசத்தைத் தொடங்குகிறான். அதுவரை பேசியது போர்க்களத்துப் பேச்சு. 18 அத்தியாயத்தையும் வரிசையாகப் படிக்கத் துணை இல்லாதவர்கள் 2, 3, 12, 6, 13, 15 என்று போகலாம். இரண்டில் மொத்த விஷயமும் விதையாக இருக்கிறது. மூன்று வேலையோடு எப்படி வாழ்வது என்பது. பன்னிரண்டு பக்தி. ஆறு தியானம். பதின்மூன்று, அறிபவன் யார், அறியப்படுவது எது என்ற பாகுபாடு. பதினைந்து 20 சுலோகம்தான் என்றாலும் கடைசியில் படித்தால்தான் அதன் கனம் தெரியும்.

பிறகு கடோபநிடதம், முண்டகம், கேனம். அதன்பின் தைத்திரீயத்தின் இரண்டாம் வல்லி (பகுதி), சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயம். மாண்டூக்கியமும் பிருகதாரண்யகமும் பின்னால் வரட்டும். பிரம்ம சூத்திரம் கடைசி. அது உபநிடத வாக்கியங்களை வைத்து வாதம் செய்கிற நூல். வாக்கியமே தெரியாதவருக்கு வாதம் எதற்கு? அதன் முதல் சொல்லே ‘அத’, அதாவது ‘அதற்குப் பிறகு’. எதற்குப் பிறகு என்பதிலேயே உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை சுலோகம் படிக்கலாம்? படிப்பது என்றால் எப்படி?

ஒன்று. அதிகம் போனால் இரண்டு. முழு அத்தியாயத்தையும் பாராயணம் செய்யுங்கள், அது வேறு பயிற்சி. பொருள் பார்ப்பதற்கு ஒன்றே போதும்.

முறை இதுதான். முதலில் பதம் பிரித்தல். பிறகு அந்வயம், அதாவது சொற்களைப் பொருள் வரிசையில் கொண்டுகூட்டுதல். பிறகு சொற்பொருள், முன்சுலோகத்தோடு தொடர்பு, கடைசியில் உரை. உரையை முதலில் படித்தால் சுலோகம் என்ன சொல்கிறது என்று நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். உரையாசிரியர் கண்ணால்தான் பார்ப்பீர்கள்.

எல்லாருக்கும் மனப்பாடமான கீதை 2.47-ஐயே எடுத்துக்கொள்வோம். ‘கர்மண்யேவாதிகாரஸ்தே மா பலேஷு கதாசன.’ இதைக் ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். பதம் பிரித்துப் பாருங்கள். ‘எதிர்பார்க்காதே’ என்று ஒரு சொல் அங்கே எங்கேயாவது இருக்கிறதா? ‘அதிகாரம்’ என்ற சொல்தான் இருக்கிறது. உனக்குச் செயலில்தான் அதிகாரம், பலன்களில் ஒருபோதும் இல்லை. எதிர்பார்க்காமல் இரு என்பது மனத்துக்கு இடும் கட்டளை. அதிகாரம் இல்லை என்பது உள்ள நிலைமையைச் சொல்வது. விதைப்பது உழவன் கையில், மழை அவன் கையில் இல்லை என்கிற மாதிரி. கட்டளையாக எடுத்துக்கொண்டவர் எதிர்பார்ப்பு வரும்போதெல்லாம் குற்றவுணர்வில் புழுங்குகிறார். நிலைமையாகப் புரிந்துகொண்டவருக்குப் பதற்றம் தானே குறைகிறது.

அதோடு நின்றுவிட்டால் பாதி சுலோகம்தான். மீதி: ‘மா கர்மபலஹேதுர்பூ:, மா தே ஸங்கோஸ்த்வகர்மணி.’ வினைப்பயனுக்குக் காரணமாகிறவனாக ஆகிவிடாதே. செயலற்றிருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம். இந்த நான்காவது பகுதிதான் மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுவது. பலன்தான் என் கையில் இல்லையே, எதற்குச் செய்ய வேண்டும் என்று சோம்பல் வேதாந்தம் பேசுகிறவர்களுக்கான பதில் அதே சுலோகத்தில் இருக்கிறது. அர்ஜுனனின் அன்றைய மனநிலையும் அதுதானே.

ஒரு நோட்டில் அன்றைய சுலோகம், அதில் தெளியாத ஒரே ஒரு சந்தேகம், இரண்டையும் எழுதி வையுங்கள். நாற்பது சந்தேகம் சேர்ந்தபின் திரும்பிப் பார்த்தால், அவை உண்மையில் நாலைந்து சந்தேகங்களின் மறுபிறவிகள் என்பது தெரியவரும்.

கேள்வி: பத்து வருடமாகக் கீதையும் உபநிடதமும் படிக்கிறேன். சொற்பொழிவும் நிறையக் கேட்கிறேன். விஷயம் தெரிகிறது, ஆனால் எதுவும் ‘நடக்கவில்லை’. எங்கே தவறு?

இந்தத் தொகுப்பிலேயே முக்கியமான கேள்வி இது. புதிய கேள்வியும் அல்ல. சாந்தோக்கியம் ஏழாம் அத்தியாயத்தில் நாரதர் சனத்குமாரரிடம் வந்து, தான் கற்ற வித்தைகளையெல்லாம் பட்டியல் போடுகிறார். நான்கு வேதம், இதிகாச புராணம், இலக்கணம், கணிதம், தர்க்கம் என்று நீள்கிறது. கடைசியில் சொல்கிறார்: ‘மந்திரங்களை அறிந்தவனாக இருக்கிறேன், ஆன்மாவை அறிந்தவனாக இல்லை.’

பழைய ஆசிரியர்கள் இதை விளக்கப் பத்தாவது ஆளின் கதையைச் சொல்வார்கள். பத்துப் பேர் ஆற்றைக் கடந்து கரையேறுகிறார்கள். ஒருவன் எண்ணுகிறான், ஒன்பது வருகிறது. இன்னொருவன் எண்ணினாலும் ஒன்பதுதான். ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன், ‘பத்தாவது ஆள் இருக்கிறான்’ என்கிறான். பிறகு எண்ணியவனையே சுட்டி, ‘நீதான் பத்தாவது’ என்கிறான்.

14-ஆம் நூற்றாண்டில் எழுந்த பஞ்சதசி என்ற வேதாந்த நூல், அதன் ஏழாம் அத்தியாயத்தில் இந்தக் கதையை ஏழு நிலையாக வெட்டிக் காட்டுகிறது. எண்ணியவன் தானே என்று தெரியாதது அஞ்ஞானம். ‘பத்தாவது ஆள் இல்லை, காணவில்லை’ என்பது ஆவரணம். அழுகை விட்சேபம். ‘இருக்கிறான்’ என்று பிறர் சொல்லக் கேட்டு நம்புவது பரோட்ச ஞானம். ‘நானே’ என்று தெளிவது அபரோட்ச ஞானம். பிறகு துயர நீக்கம், நிறைவு.

உங்கள் கேள்வியில் ‘நடக்கவில்லை’ என்ற சொல் இருக்கிறதே, கோளாறு அங்கேதான். ‘இருக்கிறான்’ என்று கேட்ட பிறகு சிலர் ஆற்றங்கரையில் போய் நின்றுகொள்கிறார்கள். என்றைக்காவது பத்தாவது ஆள் நீரிலிருந்து எழுந்து வருவான், ஒளி தெரியும், உடல் சிலிர்க்கும் என்று காத்திருக்கிறார்கள். சாஸ்திரம் புதிதாக ஒன்றை நடத்திவைக்காது. எண்ணிக்கையில் விட்டுப்போனவரைச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. வரும் அனுபவம் எதுவானாலும் அதை அறிகிறவர் ஒருவர் மிச்சம் இருப்பாரே; பேச்சு அவரைப் பற்றியது.

சுட்டியும் ஏன் தெளியவில்லை? பிருகதாரண்யகத்தில் யாக்ஞவல்கியர் தன் மனைவி மைத்ரேயிக்குச் சொல்லும் வாக்கியத்தில் மூன்று படிகள் உண்டு: கேட்க வேண்டும், சிந்திக்க வேண்டும், ஆழ்ந்து ஊன்ற வேண்டும். சிரவணம், மனனம், நிதித்யாசனம். மூன்றும் மூன்று வேறு நோய்களுக்கு மருந்து. மருந்தை மாற்றிச் சாப்பிட்டால் பத்து வருடம் என்ன, ஐம்பது வருடமும் ஓடும். நோயைக் கண்டுபிடிப்பது கடினமில்லை.

‘உபநிடதம் உண்மையிலேயே இதைத்தான் சொல்கிறதா?’ என்று உள்ளே ஒரு குரல் கேட்டால், சிரவணம் போதவில்லை. சிதறிய சொற்பொழிவுகளைக் கேட்டது சிரவணம் ஆகாது; ஒரு நூலை, ஒரே ஆசிரியரிடம், முதல் வரி முதல் கடைசி வரி வரை கேட்பதுதான் சிரவணம். ‘அதைத்தான் சொல்கிறது, ஆனால் அது எப்படிச் சாத்தியம்? நான் சிறியவன், துன்பப்படுகிறவன் ஆயிற்றே’ என்று தோன்றினால் மனனம் வேண்டும். சந்தேகத்தை எழுதி, தர்க்கத்தோடு மோதவிட்டுத் தீர்க்க வேண்டும். தியானத்தில் உட்கார்ந்தால் அது தீராது. ‘எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பழைய ஆளாகிவிடுகிறேன்’ என்றால், அது வாசனையின், அதாவது உள்ளே படிந்த பழைய பழக்கத்தின், வேலை. அங்கேதான் நிதித்யாசனம். இன்னும் நான்கு புத்தகம் வாங்குவதால் அது போகாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ‘இந்த ஆன்மா பிரவசனத்தால் (சொற்பொழிவால்) அடையப்படுவதல்ல, கூரிய புத்தியாலும் அல்ல, மிகுதியாகக் கேட்டறிவதாலும் அல்ல’ என்ற கடோபநிடத மந்திரத்தை (1.2.23) எல்லாரும் சொல்வார்கள். அடுத்த மந்திரம் (1.2.24) அவ்வளவாக வெளியே வருவதில்லை. தீய நடத்தையிலிருந்து விலகாதவன், அடங்காதவன், மனம் ஒருமுகப்படாதவன், அமைதியில்லாதவன் அறிவால் மட்டும் இதை அடைய மாட்டான் என்கிறது அது. விவேகம் (நிலையானதையும் நிலையாததையும் பகுத்தறிதல்); வைராக்கியம் (பற்றின்மை); சமம் (மன அடக்கம்), தமம் (புலனடக்கம்), உபரதி (ஒதுங்குதல்), திதிட்சை (பொறுமை), சிரத்தை, சமாதானம் (மன ஒருமை) என்ற ஆறு; முமுட்சுத்துவம் (விடுதலை வேட்கை). இந்தச் சாதன சதுஷ்டயத்தைப் பாடத்தின் முதல் நாளில் எழுதிக்கொண்டு மறுநாளே மறந்துவிடுகிறோம். எண்ணெய் இல்லாத விளக்குக்குத் திரியை எத்தனை முறை மாற்றினால் என்ன?

கேள்வி: ‘அஹம் பிரம்மாஸ்மி’ (நான் பிரம்மமாக இருக்கிறேன்) என்பதை ஜபமாகச் சொல்லிவந்தால் அந்த நிலை வந்துவிடுமா?

மனம் அடங்கும். அறிவு வராது. ‘நான் ராஜா, நான் ராஜா’ என்று லட்சம் முறை சொன்னாலும் அரசுரிமை வராது; ராஜாவின் மகன் என்பதற்கான ஆதாரம் கையில் கிடைத்தால் ஒருமுறை அறிந்தாலே போதும்.

இது போன்ற உபநிடத வாக்கியத்தை மகாவாக்கியம் என்பார்கள். மகாவாக்கியம் ஒரு சமன்பாடு. இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ‘சமம்’ என்று சொல்வதில் பயனில்லை. முதலில் ‘நான்’ என்ற பக்கத்தைத் துலக்க வேண்டும். அதற்குத் தைத்திரீயம் தரும் வழி ஐந்து கோசங்கள்: அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம். செய்முறை இப்படி. பத்து நிமிடம் உட்காருங்கள். முழங்கால் வலிக்கிறதா? வலி அறியப்படுகிறது, எனவே வலிக்கிற கால் அறிபவன் அல்ல. பசிக்கிறதா? பசி அறியப்படுகிறது. எரிச்சல் வருகிறதா? அது வந்ததும் தெரிகிறது, போனதும் தெரிகிறது. ‘இதெல்லாம் எனக்குப் புரிகிறது’ என்ற எண்ணமும் அப்படியே. ‘அப்பாடா, நிம்மதி’ என்ற உணர்வும் அப்படியே. இப்படி ஒவ்வொன்றாக ஒதுக்கும்போது, ஒதுக்குகிறவரை ஒதுக்க முடியாது என்பது தட்டுப்படும்.

இதில் வழக்கமாக நேரும் தவறு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஒதுக்கியபின் உள்ளே ஒரு வெறுமை தெரிகிறதே, அதுதான் ஆன்மா என்று முடிவுகட்டிவிடுவது. வெறுமை தெரிகிறது என்றால் அதுவும் அறியப்படுவதுதானே?

அடுத்து, ‘தத் த்வம் அஸி’, அதாவது ‘நீ அதுவாக இருக்கிறாய்’ என்ற மகாவாக்கியத்தில் ‘அது’வும் ‘நீ’யும் எப்படி ஒன்றாகும்? ஈசுவரன் எல்லாம் அறிந்தவன், நான் நேற்று வைத்த சாவியை இன்று தேடுகிறவன். இதற்கு வேதாந்திகள் ‘சோயம் தேவதத்த:’ என்ற வாக்கியத்தைச் சொல்வார்கள். இருபது வருடத்துக்கு முன் வேறு ஊரில் பார்த்த தேவதத்தனை இன்று இங்கே பார்க்கிறோம். ‘அவன்தான் இவன்.’ அன்று–அங்கே, இன்று–இங்கே என்ற அடையாளங்கள் முரண்படுகின்றன, அவற்றை விட்டுவிடுகிறோம், ஆளை விடுவதில்லை. இப்படி ஒரு பகுதியை விட்டு ஒரு பகுதியைக் கொள்வதற்கு ஜகதஜகல்லட்சணை என்று பெயர். உடல், மனம் என்ற வேடத்தோடு ‘நான் பிரம்மம்’ என்று சொன்னால் அது ஆணவம். இந்தப் பாகுபாடு நடக்கும் முன் ஜபத்தைத் தொடங்கினவர்களிடம் அந்த ஆணவத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கேள்வி: தியானத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. இல்லையென்றால் மனம் ஊர் சுற்றுகிறது. சாஸ்திரத்தில் இதற்கு வழி உண்டா?

உண்டு. நீங்கள் சொன்ன இரண்டோடு மேலும் இரண்டைச் சேர்த்து நான்கு தடைகளாக எண்ணுவார்கள். இதற்கு மூலம் மாண்டூக்கிய காரிகை 3.44, 3.45.

லயம் என்பது தூக்கம். காரிகை சொல்வது ‘எழுப்பு’. காரணத்தைப் பார்க்க வேண்டும். இரவுத் தூக்கம் போதாதா, உண்ட உடனே உட்கார்ந்தீர்களா? கீதை 6.16 இதைப் பச்சையாகவே சொல்கிறது: அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாதவனுக்கும் இல்லை, அதிகம் தூங்குகிறவனுக்கும் இல்லை, விழித்தே கிடப்பவனுக்கும் இல்லை. இந்தக் காரணங்கள் இல்லாமலும் தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதுகைப் பாருங்கள், உடல், கழுத்து, தலை மூன்றும் நேர்கோட்டில் இருக்கட்டும் என்று 6.13 சொல்வது அழகுக்காக அல்ல. முதுகு வளைந்த இரண்டாம் நிமிடம் தலை தொங்கும்.

விட்சேபம் என்பது அலைச்சல். இதற்கு 6.26: எங்கெங்கே போகிறதோ அங்கங்கே இருந்து மீட்டுக் கொண்டுவா. எத்தனை முறை என்ற கணக்கு அங்கே இல்லை. இருபது நிமிடத்தில் நூறு முறை ஓடினால் நூறு முறை கொண்டுவருவதுதான் பயிற்சி. ‘சே, இன்றும் ஓடிவிட்டதே’ என்று வருந்துவது நூற்றோராவது ஓட்டம்.

மூன்றாவது கஷாயம். பலருக்கு இதை அடையாளம் தெரியாது. தூக்கமும் இல்லை, அலைச்சலும் இல்லை. ஆனால் மனம் மரக்கட்டை மாதிரி இறுகி நிற்கும். உள்ளே படிந்த பழைய ஆசையோ மனக்கசப்போ அடைத்துக்கொண்டிருக்கும். காரிகை இதற்கு ‘விஜானீயாத்’ என்கிறது. அதாவது, இன்னது என்று தெரிந்துகொள். முட்டி மோதாமல், அது எந்தக் கசப்பு என்று பார்த்தால் இறுக்கம் தளரும்.

நான்காவது ரசாஸ்வாதம். நன்றாக அமைதி வந்துவிடுகிறது. அந்த ருசியில் உட்கார்ந்துவிடுவது. எல்லாவற்றிலும் பொல்லாதது இதுதான், ஏனென்றால் இது தடை என்று யாருக்கும் தோன்றாது. மறுநாள் அந்த ருசி வராவிட்டால் எரிச்சல் வரும், அதைவைத்துக் கண்டுகொள்ளலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, தொடங்குகிறவர்களுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் தினமும். யோக சூத்திரம் 1.14 பயிற்சி வேரூன்ற மூன்று நிபந்தனை வைக்கிறது: நெடுங்காலம், இடைவிடாமை, மதிப்போடு செய்தல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதில் இடைவிடாமை போய்விடுகிறது.

கேள்வி: ஒரே உபநிடதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் அத்வைதம் (உயிரும் பரம்பொருளும் ஒன்று) என்கிறார், ஒருவர் விசிஷ்டாத்வைதம் (உயிர் பரம்பொருளின் உடல்), ஒருவர் துவைதம் (இரண்டும் வேறு). படிப்பவன் எதை நம்புவது?

நம்புவதற்கு முன், ஒரு பகுதியின் தாத்பரியத்தை (உட்கருத்தை) எப்படிக் கண்டுபிடிப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு அடையாளங்கள் உண்டு; ஷட்லிங்கம் என்பார்கள். சாந்தோக்கியம் ஆறாம் அத்தியாயத்தில் வைத்துப் பார்ப்போம். தொடக்கமும் முடிவும் ஒத்துப்போகின்றனவா? ‘முதலில் சத் (உள்ளது) ஒன்றே, இரண்டற்றதாக இருந்தது’ என்று தொடங்கி, ‘இவையெல்லாம் அதையே ஆன்மாவாகக் கொண்டவை’ என்று முடிகிறது. எது திரும்பத் திரும்ப வருகிறது? ‘தத் த்வம் அஸி’ ஒன்பது முறை. வேறு எந்த வழியாலும் அறிய முடியாத செய்தியா? ஆம், கண்ணோ அனுமானமோ இதைச் சொல்லாது. பலன் சொல்லப்பட்டதா? ஆசாரியனை உடையவன் அறிகிறான், அவனுக்கு உடல் விழும்வரைதான் தாமதம் என்று 6.14 சொல்கிறது. புகழ்ந்து பேசப்படுகிறதா? எதைக் கேட்டால் கேட்காததும் கேட்டதாகுமோ, அது என்று. யுக்தி தரப்படுகிறதா? ஒரு மண்ணாங்கட்டியை அறிந்தால் மண்ணாலான எல்லாமே அறியப்படும் என்ற உவமை. எங்கோ நடுவில் இருக்கும் ஒரு வரியைப் பிய்த்தெடுத்து வாதாடுகிறவரிடம் இந்த ஆறையும் கேட்டால் பாதி வாதம் அடங்கிவிடும்.

மீதிப் பாதி அடங்காது. ‘தத் த்வம் அஸி’ என்ற அதே வாக்கியத்துக்கு இராமாநுசர், உயிர்கள் பரம்பொருளுக்கு உடல், அவன் உடலுக்குள் உறையும் ஆன்மா என்ற உறவில் பொருள் கொள்கிறார். மத்வர் ‘அதத் த்வம் அஸி’, நீ அது அல்ல, என்று பதம் பிரிக்கிறார். மூவரும் பெரியவர்கள். ஒரு மரபில் ஒரு நூலை முழுதாக முடியுங்கள், பிறகு மற்றதைப் பாருங்கள். மூன்று உரையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு தொடங்குகிறவர் மூன்றிலும் கரையேறுவதில்லை. இந்தப் பதில்களில் நாங்கள் பெரும்பாலும் அத்வைத மரபைப் பின்பற்றியிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: குரு கட்டாயமா? இருக்கிறவர்களில் யாரை நம்புவது?

முண்டகம் 1.2.12 ‘குருவிடமே செல்ல வேண்டும்’ என்று அழுத்திச் சொல்கிறது, இரண்டு தகுதியும் வைக்கிறது: சுரோத்திரியர், பிரம்மநிஷ்டர். முன்னது நூலை மரபாகக் கற்றவர், பின்னது அதிலேயே நிலைத்தவர். நிஷ்டையை வெளியிலிருந்து அளக்க வழியில்லை. சுரோத்திரியமாவது சோதிக்கத்தக்கது. கேள்வி கேட்டால் நூலிலிருந்து பதில் வருகிறதா, இல்லை ‘நம்பு, நடக்கும்’ என்று வருகிறதா? கீதை 4.34 வணக்கத்தோடும் பணிவிடையோடும் ‘பரிப்ரச்னம்’ என்று கேள்வியையும் சேர்த்தே சொல்கிறது. கேள்வி கேட்க இடமில்லாத இடத்தில் வணக்கம் மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: சாப்பாட்டுக் கட்டுப்பாடு எவ்வளவு தேவை?

‘ஆகாரம் சுத்தமானால் உள்ளம் சுத்தமாகும்’ என்ற சாந்தோக்கிய வாக்கியத்துக்கு (7.26.2) சங்கரர் சொல்லும் ஆகாரம், புலன்கள் வழியாக உள்ளே கொண்டுவரப்படும் எல்லாமும். கண்ணும் காதும் உண்பதும் கணக்கில் சேரும். பட்டினியையும் சாஸ்திரம் ஏற்றிப் பேசவில்லை. சாந்தோக்கியத்தில், தந்தை சொல்லி 15 நாள் தண்ணீர் மட்டும் குடித்த சுவேதகேது என்ற மாணவன், பன்னிரண்டு வருடம் படித்த வேதத்தில் ஒன்றும் நினைவுக்கு வராமல் நின்றான். சாப்பிட்ட பிறகுதான் வந்தது.

கேள்வி: சமஸ்கிருதம் தெரியாது. தமிழில் மட்டும் படித்துத் தன்னை அறிய முடியாதா?

ஏன் முடியாது? ‘தன்னை அறியத் தனக்கொரு கேடில்லை, தன்னை அறியாமல் தானே கெடுகின்றான்’ என்று திருமூலர் சொன்னது தமிழில்தானே. தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் வேதாந்தப் பாடம் முழுவதையும் தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதல் படலம் என்று இரண்டே பகுதியில் தருகிறது. தலைப்பிலேயே சிரவணமும் மனனமும் இருப்பதைக் கவனியுங்கள். ரமணரின் உபதேச உந்தியார் 30 பாட்டு, உள்ளது நாற்பது 40 பாட்டு. சைவ சித்தாந்த வழியில் போகிறவர்களுக்கு மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரம். அங்கே ‘தன்னை அறிதல்’ என்பதன் பொருள் வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கீதையை மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்கள் ஒரு நாற்பது ஐம்பது சொற்களை மட்டும் மூலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆத்மா, புத்தி, யோகம், தர்மம் போன்றவற்றுக்கு ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் இடத்துக்கு இடம் வேறு சொல் போடுவார். மூலச் சொல் தெரியாவிட்டால் தொடர்பு அறுந்துபோகும்.

கேள்வி: முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கனவில் தெய்வம் வந்ததா என்பதை வைத்து அல்ல. அர்ஜுனன் கீதை 2.54-இல் கேட்பதைப் பாருங்கள்: நிலைத்த அறிவுடையவன் எப்படிப் பேசுவான், எப்படி உட்காருவான், எப்படி நடப்பான்? பதில் அத்தியாயம் முடியும் வரை, 72 வரை போகிறது. ஞானத்தில் நிலைத்துவிட்ட சித்தனுக்கு எவை இயல்பான அடையாளமோ அவையே இன்னும் பயில்கிற சாதகனுக்கு முயன்று செய்ய வேண்டிய சாதனம் என்று சங்கரர் அங்கே ஒரு குறிப்பு எழுதுகிறார். அதனால் அந்தச் சுலோகங்களை மற்றவரை அளக்கும் கோலாக எடுக்காதீர்கள்.

கைக்கு அடக்கமான சோதனை 2.62, 63. ஒரு பொருளை நினைத்துக்கொண்டே இருத்தல், பற்று, ஆசை, சினம், மயக்கம், நினைவு தடுமாறல், புத்தி நாசம், அழிவு. எட்டுப் படிச் சறுக்கல். இரவில் அன்றைக்கு வந்த ஒரு கோபத்தை எடுத்து, பின்னோக்கி ஏறுங்கள். எந்த ஆசை தடைபட்டது? அந்த ஆசைக்கு முன் எந்த நினைப்பை மணிக்கணக்காக ஊட்டி வளர்த்தீர்கள்? முதலில் ஏழாம் படியில், வார்த்தையைக் கொட்டிய பிறகுதான் விழிப்பு வரும். பிறகு நான்காம் படியில், நாக்கு நுனியில் நிற்கும்போது. பிறகு மூன்றில். எந்தப் படியில் பிடிபட்டீர்கள் என்ற எண்ணை அந்தச் சந்தேக நோட்டின் ஓரத்தில் குறித்துவையுங்கள். சில மாதத்தில் எண் இறங்கியிருந்தால் படிப்பு வேலை செய்கிறது. ஐந்திலேயே நிற்கிறதா? சுலோகத்தை மாற்ற வேண்டாம். சமம், தமம் பக்கம் திரும்புங்கள்.

கேள்வி: கீதை 13-ஆம் அத்தியாயத்தில் ஞான சாதனங்கள் இருபதை 7 முதல் 11 வரை என்று ஒருவர் சொல்கிறார். என் புத்தகத்தில் 8 முதல் 12. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. ‘ப்ரக்ருதிம் புருஷம் சைவ’ என்று அர்ஜுனன் கேட்கும் ஒரு சுலோகம் சில பதிப்புகளில் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. சங்கரர் அதற்கு உரை எழுதவில்லை. அதைச் சேர்த்தால் அத்தியாயம் 35, கீதை 701. சேர்க்காவிட்டால் 34, 700. குழுவாகப் படிக்கிறவர்கள் அந்த இருபதில் முதலாவதான ‘அமானித்வம்’ அவரவர் புத்தகத்தில் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால், அந்த அத்தியாயம் முடியும்வரை பக்கம் புரட்டும் வேலை மிச்சம்.